உள்ளே போனவள்

ஜனவரி 9

குண்டூசியின் அம்மாவுக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. போனில் பேசினால் உன் அண்ணி பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அவள் மூச்சு விடுவது எனக்கு இங்கே கேட்கிறது. அதனால்தான் தையற்கடை அக்கா முகவரிக்கு எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் அங்கே வருவார். என் புகாரைத் தூக்கிக் குப்பையில் போடாமல் வைத்திருக்கும் ஒரே மனிதர். ஆனால் அவரும் கறாராகச் சொல்லிவிட்டார்: "சார், நீங்க அங்க இல்ல. பொண்ணோட அம்மா இருந்தாங்க. அவங்க வாயத் திறந்தாத்தான் நான் ஒரு அடி எடுத்து வைக்க முடியும்."

நீ புதிதாக எதுவும் சொல்ல வேண்டாம். அன்று காலை போனில் என்னிடம் அழுதுகொண்டே சொன்னாயே, அதையே சொன்னால் போதும். உன் அண்ணன் மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நம் மகள் சொன்னாள். உன் அண்ணன் அவளை மரக்கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் தள்ளிப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். விடிந்து பார்த்தால் அவள் கோயில் குளத்தில் கிடந்தாள். பூட்டிய அறையிலிருந்து எப்படி வெளியே வந்தாள்? யார் திறந்தது? திறந்த பிறகு என்ன நடந்தது? இதை நான் கேட்டால், மச்சான் மேல் வயிற்றெரிச்சல் பிடித்தவனின் உளறல். நீ சொன்னால் சாட்சி.

நான் ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் எரித்துவிட்டார்கள். "வெயில் ஏறுது மாப்ள, வெச்சிருக்க முடியாது" என்றார் உன் அண்ணன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

இங்கே கல்லூரியில் எனக்கு ஜூனியராக இருந்தவனைத் துறைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்தவன், தன் அறை நாற்காலி கிரீச்சிடுவதைப் பற்றிப் பேசிவிட்டுப் போனான். அதற்கெல்லாம் கோபப்பட இப்போது தெம்பில்லை. சேர்த்து வைத்திருக்கிறேன்.

இன்ஸ்பெக்டரிடம் சொல். அவ்வளவுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
குண்டூசியின் அப்பா


ஜனவரி 20

குண்டூசியின் அப்பாவுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தைத் தையற்கடை அக்கா ஜாக்கெட் துணிக்குள் சுருட்டிக் கொடுத்தார். இவ்வளவு எழுதியிருக்கிறீர்களே, சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று ஒரு வரி எழுதக் கூடாதா? பிரஷர் மாத்திரையை இரண்டாக்கிவிட்டார்கள். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். ஹோட்டலில் உறைப்பாகச் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

இன்ஸ்பெக்டர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியமான ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். கோபப்படாமல் முழுக்கப் படியுங்கள்.

நம் குழந்தை கிடந்த குளத்துப் படியில் யாரோ ஒரு கைப்பிடி உப்பு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யாரென்று தெரியாது. மறுநாள் இன்னொரு கைப்பிடி. லாரி டிரைவரின் மனைவி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தப் படியில் கிடத்தினாள், காய்ச்சல் விட்டுவிட்டது. இப்போது தினமும் ஆட்கள் வருகிறார்கள். நம் உப்புக்கார வகையறாவிலிருந்து மட்டும் இல்லை, மற்றவர்களும். "அம்மன் தனக்குத் துணைக்கு ஒரு பொண்ணக் கூப்பிட்டுக்கிட்டா" என்கிறார்கள்.

அம்மனுக்கு வலப்பக்கம் அவளுக்கு ஒரு கல் நடுவது என்று கோயில் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. அண்ணன்தான் செலவு முழுக்க ஏற்றுக்கொண்டார். ஆனால் பெற்றவன் கொடுக்காமல் கல் நிற்காது என்று பூசாரி சொல்கிறார். அம்மன் கதையில் அவள் அப்பா உப்பைக் கையில் ஏந்தி மூன்று முறை "கொடுத்தேன்" என்று சொன்னாரே, அதே போல நீங்கள் வந்து சொல்ல வேண்டும். அண்ணன் கார் அனுப்புகிறேன் என்கிறார்.

இங்கே யாரும் அவளைச் செத்துப்போனாள் என்று சொல்வதில்லை. அம்மனைச் சொல்வது போலவே "உள்ளே போயிட்டா" என்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறேன். வாருங்கள். எனக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காக வாருங்கள்.

உங்கள்,
குண்டூசியின் அம்மா


பிப்ரவரி 2

குண்டூசியின் அம்மாவுக்கு,

சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? கேட்டுவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் நேற்று என்னைக் கூப்பிட்டார். "அந்தம்மா ஒரே வரிதான் சொன்னாங்க சார். அம்மன் கூப்பிட்டா, போயிட்டான்னாங்க. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்கறது?" என்றார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இரக்கப்பட்டு வாங்கிக் கொடுத்த டீயைப் போல மோசமான டீ உலகத்தில் இல்லை.

உங்கள் அம்மனின் கதையை நான் உனக்குச் சொல்கிறேன். நீ இதுவரை கும்பிட்டுக்கொண்டே கேட்டிருக்கிறாய். ஒரு தடவை கும்பிடாமல் கேள்.

உப்பு ஏற்றிப் போன நம் ஆட்களின் வண்டிகளை ஒரு குறுநிலத் தலைவன் மறித்தான். கூட்டத்தில் ஒரு பெண்ணைக் கேட்டான். கொடுத்தால் மானம் போகும், மறுத்தால் சரக்கு போகும். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அந்தப் பெண்ணிடம் யாரும் பேசியதாகக் கதையில் இல்லை. ஒரு குழி தோண்டினார்கள். அவளை அதில் நிற்கவைத்து உப்பைக் கொட்டி மூடினார்கள். அப்பன் மேலே நின்று மூன்று முறை "கொடுத்தேன்" என்றான். தலைவனிடம் போய், "அவ பூமிக்குள்ள போயிட்டா" என்று கையை விரித்தார்கள். அவனுக்குக் கண் பார்வை போயிற்றாம். தோண்டிப் பார்த்தால் பெண் இல்லையாம், கல் இருந்ததாம். வண்டிகள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தன. சரக்கும் நல்ல விலைக்குப் போயிருக்கும்.

இருபத்தைந்து வருஷமாக வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதைத்தான்: ஒரு பெண்ணைத் தெய்வமாக்கினால் அதற்குப் பிறகு யாரும் குழி தோண்டியவனைத் தேட மாட்டார்கள். தெய்வத்தின் பேரில் எந்தப் போலீஸ் வழக்குப் போடும்? உன் அண்ணன் ஒரு புத்தகம்கூடப் படித்ததில்லை. ஆனால் இந்தப் பாடத்தை என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறார். கல்லுக்கு ஆகும் செலவு முழுக்க அவருடையதாம்! ஆகட்டும், அவர்தானே செய்ய வேண்டும்.

அவள் தெய்வம் இல்லை. கோயிலில் தூண் மேல் சாய்ந்து தூங்கிவிடுவாள். பொய் சொன்னால் காது மடல் சிவந்துவிடும். கணக்கில் தோற்றுவிட்டு, "பேப்பர் திருத்தினவருக்குக் கணக்குத் தெரியாது" என்பாள். என் மூக்குக்கண்ணாடியை ஒளித்து வைத்துவிட்டு, "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி யாரு எங்க இருந்தாங்கன்னு தெரியுது, கண்ணாடி எங்க இருக்குன்னு தெரியலையாப்பா?" என்பாள். ஒல்லியாக, கூர்மையாக, குத்திக்கொண்டே இருப்பாள் என்றுதான் அந்தப் பெயர் வைத்தேன். அவள் தலையில் யாரும் உப்புக் கொட்ட நான் விட மாட்டேன்.

நான் அவளை யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். உன் அண்ணன் காரை வேறு எங்காவது அனுப்பச் சொல்.

குண்டூசியின் அப்பா


பிப்ரவரி 14

அவருக்கு,

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எப்போதும் நன்றாகத்தான் எழுதுவீர்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று கேட்டீர்களா? கூடத்தில், சோபாவின் ஓரத்தில். எதிரே அண்ணன். அண்ணி காபித் தட்டோடு நின்றாள். அவர்கள் மகன் வாசற்படியில் செருப்பைப் போட்டுக்கொண்டும் கழற்றிக்கொண்டும் இருந்தான். நான் சொல்லியிருந்தால் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறிப் போயிருப்பார். நான் எந்த வண்டியில் ஏறுவது?

உங்களிடம் வரச் சொல்வீர்கள். இல்லை, அதைக்கூட இதுவரை நீங்கள் எழுதவில்லை. இரண்டு கடிதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். இன்ஸ்பெக்டரிடம் சொல் என்று இருக்கிறது. என்னிடம் வந்துவிடு என்று எங்கேயும் இல்லை. நான் குழந்தையை அழைத்துக்கொண்டு கிளம்பிய அன்று, "போ, அண்ணன் வீட்டுச் சோறு எவ்வளவு நாளைக்கு ருசிக்குதுன்னு பாக்கறேன்" என்றீர்கள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டீர்கள். அவள் தினமும் கேட்பாள்: "அப்பா இன்னும் கோபமாத்தான் இருக்காராம்மா?" ஆமாம் என்பேன். "அவருக்கு அது ஒரு உத்தியோகம்" என்று சிரிப்பாள்.

குழி தோண்டியவனைத் தேட வேண்டும் என்கிறீர்கள். எனக்குத் தேட வேண்டியதில்லை. நான் தினமும் அவர்களுக்குச் சோறு போடுகிறேன்.

என்னால் இரண்டில் ஒன்றைத்தான் நம்ப முடியும். ஒன்று, என் மகளைக் கொன்ற வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இல்லாவிட்டால், என் மகள் தெய்வம். நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். எதை நம்பினால் நான் காலையில் எழுந்து பல் தேய்க்க முடியும்?

கல் வந்துவிட்டது. மஞ்சள் துணி சுற்றிக் கோயில் முற்றத்தில் வைத்திருக்கிறார்கள். அவள் உயரம்கூட இல்லை. நீங்கள் வராவிட்டால் தாய்மாமன் முறைக்கு அண்ணன் கொடுப்பார். அது உங்களுக்குச் சம்மதமா என்று யோசியுங்கள்.

அவள் அம்மா


பிப்ரவரி 22

குண்டூசியின் அம்மாவுக்கு,

என்னிடம் வந்துவிடு.

எழுதிவிட்டேன். எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு நீ என்ன திட்டினாலும் தகும். கல்லூரிக்குப் பின்தெருவில் ஒரு வீட்டு மாடியைப் பார்த்து முன்பணம் கொடுத்திருக்கிறேன். இரண்டு அறை, தனிச் சமையலறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். தண்ணீர் தடையில்லாமல் வரும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். வீட்டுக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

புதன்கிழமை காலை ரயிலில் வருகிறேன். உங்கள் தெருவுக்கு வர மாட்டேன். உன் அண்ணன் முகத்தைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஸ்டேஷனில் நிற்கிறேன். கட்டிய புடவையோடு வா. இன்ஸ்பெக்டரிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம். இப்போது வேண்டாம். எப்போதும் வேண்டாமென்றாலும் சரி. அந்தக் கல்லை மட்டும் நட விடாதே. நீ கிளம்பி வந்துவிட்டால், பெற்றவனும் பெற்றவளும் இல்லாமல் அவர்களால் நட முடியாது.

உனக்கு ஒரு வண்டி இருக்கிறது. ஏறிக்கொள்.

நான்


ஏப்ரல் 3

குண்டூசியின் அம்மாவுக்கு,

அந்தப் புதன்கிழமை கடைசி ரயில் போகும்வரை ஸ்டேஷனில் இருந்தேன். தையற்கடை அக்காவைப் பிறகு விசாரித்தேன். கடிதத்தைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "படிச்சாங்களான்னு தெரியலீங்க. மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டாங்க" என்றார்.

போன ஞாயிறு நான் கோயிலுக்கு வந்தேன். நீ என்னைப் பார்த்தாய். பார்க்கவில்லை என்று சொல்லாதே.

வரிசை குளத்தைச் சுற்றி நின்றது. எனக்கு முன்னால் ஒரு அம்மாள், வேறு ஊர்க்காரர், கையில் உப்புப் பொட்டலம். "மொதத் தடவைங்களா? கூட்டத்தப் பாத்து பயந்துடாதீங்க, சின்ன அம்மன் சீக்கிரம் விட்டுடுவா" என்றார். சின்ன அம்மன். யாரோ ஒருவரைச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

உள்ளே ஒரு புதுப் பூசாரி, மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, மைக்கில் கதை சொல்லிக்கொண்டிருந்தான். என் மகளின் கதை. சின்ன வயதிலேயே அவள் கோயிலை விட்டு நகர மாட்டாளாம். கணக்கில் புலியாம். கல்யாணப் பேச்சு எடுத்தபோது, "எனக்கு எதுக்கு மாப்ள, நான் அம்மன் வீட்டுப் பொண்ணு" என்று சிரித்தாளாம். கூட்டம் உருகிப்போய்க் கேட்டது. நான் வகுப்பெடுக்கும்போது ஒருவன்கூட அப்படிக் கேட்டதில்லை.

அந்தப் பையனிடம், "அவங்க அப்பா?" என்று கேட்டேன்.

"அவரு பெரிய படிப்பாளிங்க. தூர தேசத்துல இருந்தாரு. கனவுல அம்மன் வந்து கேட்டா, ஓடி வந்து, உப்பக் கையில ஏந்தி, சந்தோஷமா மூணு தடவ கொடுத்தாரு."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் அவரப் பாக்கலீங்க. அவரும் ஞானியாயிட்டாருன்னு சொல்றாங்க."

இல்லை தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து, "யோவ் பெரியவரே, கேள்வி கேக்கறதுக்கு வேற எடம் பாருங்க" என்று ஒருவன் முதுகில் கை வைத்துத் தள்ளினான்.

கல்லுக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். வருகிறவர்களின் உப்பை வாங்கிக் குவியலில் போட்டாய். எல்லோரும் உன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இளைத்திருக்கிறாய். என் முறை வந்தபோது வெறுங்கையை நீட்டினேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். பிறகு குவியலிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "நகருங்க, பின்னால குழந்தைங்க நிக்குது" என்றாய். குரல் நடுங்கியதா இல்லையா என்று அந்த மைக் சத்தத்தில் எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் அந்தப் பையன் மைக்கில் ஒன்று சொன்னான்: "அம்மன் வீட்டுப் பொண்ணுன்னு தெரியாம புள்ளைய ஒரு அறையில போட்டுப் பூட்டுனாங்க. பூட்டு பூட்டுன மாதிரியே தொங்குது. சாவி தாய்மாமன் இடுப்புல! விடிஞ்சு பாத்தா உள்ள ஆளக் காணோம். கதவத் தெறந்தது யாருங்க? சொல்லுங்க, யாரு?"

"அம்மா! தாயே!" என்று கூட்டம் கத்தியது.

அந்தப் பூட்டையும் சாவியையும் உன் அண்ணன் தன் வாயால் சொல்லியிருக்க மாட்டார். என்னிடமிருந்து அங்கே யாருக்கும் போகவில்லை. நீதான் சொல்லியிருக்கிறாய். நான் மூன்று மாதமாக உன்னிடம் கெஞ்சிக் கேட்ட வார்த்தைகள், ஒன்றுகூடக் குறையாமல், மைக்கில், ஊர் முழுக்கக் கேட்கும்படி. உன் அண்ணன் முதல் வரிசையில் கைகூப்பி நின்றார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தாய்மாமன் என்று சொன்னபோது பக்கத்தில் இருந்த ஒருவர் அவர் கையைத் தொட்டுக் கும்பிட்டார்.

அவருக்கு இரண்டு ஆள் தள்ளி இன்ஸ்பெக்டர் நின்றார். சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தார், பக்கத்தில் மனைவி, தோளில் குழந்தை. பூட்டு, சாவி, யாருடைய இடுப்பு, எல்லாவற்றையும் அவர் முழுக்கக் கேட்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவள் அப்பா