காகிதம் சொன்ன குணம்

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இன்று எல்லோருக்கும் ஆளுமைத் தேர்வு. மனிதவள அதிகாரி அறுபது கேள்விகள் கொடுத்தார். 'கோபம் வந்தால் என்ன செய்வீர்கள்?' நான்கு விடைகள். பாத்திரம் தேய்ப்பேன் என்பது அதில் இல்லை. 'பொறுத்துக்கொள்வேன்' என்பதில் டிக் போட்டேன்.

மார்ச் 11

முடிவு ஒரு காகிதத்தில் வந்தது. நான் 'நெருக்கடியில் மிளிர்பவர், மோதலுக்கு அஞ்சாதவர்'. மூன்று முறை படித்தேன். பதினோரு வருஷமாக விரிப்புகளை எண்ணி அடுக்குகிறவள். லிஃப்டில் யாராவது என் காலை மிதித்தால் நான்தான் ஸாரி சொல்வேன்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். "உனக்கா?" என்று சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்க நேரமானது.

இஸ்திரி மெஷின் அண்ணனுக்கு 'அமைதியானவர், பொறுமைசாலி' என்று வந்ததாம். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சைரன்.

மார்ச் 17

என்னை ஷிஃப்ட் மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டார்கள். முதல் நாளே விரிப்புகளை மூன்று முறை எண்ணினேன், மூன்று கணக்கு வந்தது. மிளிர்கிறேன் போலிருக்கிறது.

மார்ச் 26

விரிப்புக்குள் ஊசி. யாருக்கோ போட்ட ஊசி. மடிப்பு மேசை அக்காவின் உள்ளங்கையில் ஏறிவிட்டது. அவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, அறுவை வார்டின் தலைமை மருத்துவரைப் பார்க்கப் போனேன். படியேறும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. போன மாதமாக இருந்தால் பயம் என்று திரும்பியிருப்பேன். இப்போதுதான் காகிதம் இருக்கிறதே! அதே படபடப்புதான் — பெயரை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

"யார் போட்டதுன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்றார் மருத்துவர், கோப்பிலிருந்து தலை தூக்காமல்.

"கண்டுபிடிக்க வேணாம் சார். ஒவ்வொரு கட்டில்கிட்டயும் ஊசி போடற டப்பா வைங்க. வைக்கிற வரைக்கும் உங்க வார்டு துணிய நாங்க தொட மாட்டோம்."

நானா சொன்னேன்? நான்தான். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 28

டப்பா வைத்துவிட்டார்கள். அக்காவுக்கு முதல் பரிசோதனையில் ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு பாக்கி.

ஏப்ரல் 8

அதிகாரி என்னையும் சைரன் அண்ணனையும் கூப்பிட்டார். எங்கள் காகிதங்கள் மாறிப்போய்விட்டதாம். அண்ணனுடையது எனக்கு, என்னுடையது அண்ணனுக்கு.

"ஸாரிம்மா. நீங்க மோதலைத் தவிர்க்கிற டைப்பு. பழைய வேலைக்கே போயிடுங்க, உங்களுக்கும் டென்ஷன் இல்ல."

நான் மோதலைத் தவிர்ப்பவள் என்று எப்படிச் சொல்லலாம் என்று அரை மணி நேரம் அவரோடு மோதினேன். கடைசியில் அவரே களைத்துப்போய், "சரி, நீங்களே இருங்கம்மா" என்றார்.

வெளியே வந்த பிறகு சைரன் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "மாறின விஷயத்த நான் வீட்டுல சொல்லப் போறதில்லம்மா. ஒரு மாசமா கத்தல. பொறுமைசாலின்னு எழுதியே குடுத்துட்டாங்க, அப்புறம் எப்படிக் கத்தறது? பொண்ணு இப்பத்தான் என் பக்கத்துல உக்காந்து சாப்பிடுது."

சரி என்று தலையாட்டினேன்.

நானும் வீட்டில் சொல்லவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையில் வீட்டுக்காரர், "மத்தியானம் எங்க அக்கா வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார். பதினாறு வருஷமாக, "கிளம்பு" என்றுதான் சொல்வார்.

யோசிப்பது போலக் கொஞ்ச நேரம் நின்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. அந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் அங்கேயே இருக்கட்டும் என்றுதான்.