செவ்வாய் இரவு இரண்டு மணி

எப்போதும் அவசரமாகச் சைக்கிள் மிதிக்கும் என் அண்ணைக்கு,

அன்று காலை நீங்கள் சைக்கிளை வெளியே எடுத்தபோது நான் பலதும் சொன்னேன். பின் ரயருக்குக் காற்றுக் காணாது என்றேன். வெயில் ஏறமுதல் வந்துவிடுங்கள் என்றேன். கோப்பாய் வெளியால் போகவேண்டாம், குண்டு போட பொம்மர் வந்தால் ஒதுங்க அங்கே ஒரு மரம்கூட இல்லை என்றும் சொன்னேன். அந்தப் பிழை உங்களுடையதல்ல, என்னுடையது என்பதை மட்டும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் போய்விட்டது. உங்களிடம் தனியாகச் சொல்லக் கிடைத்த காலத்தை நான் வீணாக்கிவிட்டேன். அதனால் நாலுபேர் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், கொழும்பில் நீங்கள் வேலைசெய்த கந்தோரும் இருந்த அறையும் எரிந்தபின், அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினீர்கள். யாரோ தந்த சட்டை. கையில் ஒரு தடித்த கொம்பியூட்டர் புத்தகம். “சேட்டிபிக்கற்றுகளை விட்டிட்டு உந்தப் புத்தகத்தையோடா தூக்கிக்கொண்டு வந்தனி?” என்று அம்மா அழுதார். “சேட்டிபிக்கற் திரும்ப எடுக்கலாம் அம்மா. உது கிடைக்காது” என்றீர்கள்.

அடுத்த இரண்டு வருடத்தில் ஒரு லொறி வந்து நின்றது. மெத்தையால் சுற்றிய பெட்டியை நாலுபேர் இறக்கினார்கள். சுன்னாகத்தில் கடை திறந்த அன்று பக்கத்து வீட்டுக் கந்தையா மாமா தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தது நினைவிருக்கிறதா?

“தம்பி, உது ரீவியோ?”

“இல்லை மாமா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்.”

“கேக்காததைச் சொல்லாதோ? அப்ப எங்கடை வீட்டுக்காரியை விடத் திறம்.”

மாமிதான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் அதற்குமுன் கொம்பியூட்டரை வைத்து யாரும் தொழில் தொடங்கி நான் அறியவில்லை. முதலில் ரியூசன் கொடுக்கும் ரியூட்டரிகளின் பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டிக் கொடுத்தீர்கள், பிறகு கொம்பியூட்டர் வகுப்புகள். பின்னேரங்களில், கொம்பியூட்டரில் காட்டுவதற்காக, சதுரக் கோடு போட்ட கொப்பியில் புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்துகளைக் கட்டினீர்கள். ‘ஞ’வுக்கு மட்டும் மூன்று நாள். எண்பத்தேழில் சண்டை வந்து கடையின் கூரை போனபோது, மெசினைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் வைத்து வீட்டுக்கு உருட்டி வந்தீர்கள். தொண்ணூறில் மின்சாரமே நின்றது. லண்டனில் இருந்த சிநேகிதர் வரச்சொல்லி எழுதினார்.

“அங்கை போனா ஆயிரத்திலை நானும் ஒராள், பிள்ளை. இங்கை நான் நிண்டாத்தான் இது நிக்கும்” என்று என்னிடம் சொன்னீர்கள்.

அந்த வருடம்தான் மயிலிட்டிப் பக்கத்துச் சனமும் கீரிமலைப் பக்கத்துச் சனமும் ஆமிக்குப் பயந்து உடுத்த உடுப்போடு எழும்பி வந்தது. முகாம்களில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்குக் கலியாணம் பேச வெளிக்கிட்டபோதுதான் தெரிந்தது, சாதகங்கள் எல்லாம் விட்டுவந்த அலுமாரிகளுக்குள். பிறந்த நாளும் நேரமும் சொன்னால் புதிதாகக் கணித்துத் தரலாம் என்று நீங்கள் கொம்பியூட்டருக்கு ஒரு நிரலை எழுதினீர்கள். தோட்டத்துத் தண்ணீர் இறைப்பு மெசினில் பெல்ற் மாட்டி, டைனமோ சுற்றி மின்சாரம் எடுத்தீர்கள். மண்ணெண்ணெய் கிடைக்கும் கிழமைகளில் ஒரு மணித்தியாலம் ஓடும். சாதகத்தில் உங்களுக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. கேலி செய்தால், “நான் நம்பவேணுமெண்டில்லை. நம்புறவைக்குச் சரியாக் குடுக்கவேணும்” என்பீர்கள்.

படிவம் நிரப்புவது என் வேலை. நீங்கள் ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். எங்கள் சனத்துக்கு நாள் விடியும்போதுதான் மாறும். செவ்வாய் இரவு இரண்டு மணி என்று ஒரு தாய் சொன்னால் கொம்பியூட்டருக்கு அது புதன்கிழமை. ‘இரவு’ என்றால் பன்னிரண்டுக்கு முன்னமோ பின்னமோ என்று கேள், பின்னமென்றால் அடுத்த திகதியைப் போடு என்றீர்கள்.

முதல் மாதங்களில் கேட்டேன். பிறகு வரிசை நீண்டது. இறைப்பு மெசின் இரைந்துகொண்டிருக்கும்போது ஒவ்வொரு தாயும் பிள்ளை பெற்ற கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார். அப்போது மடியில் ஒரு நாவலும் வைத்திருப்பேன். நான் கேட்பதை விட்டுவிட்டேன். அவ்வளவுதான் அண்ணை. வேறு காரணம் இல்லை.

தொண்ணூற்று மூன்று ஆனியில், முன்பு மகளுக்குச் சாதகம் கணித்துப்போன மயிலிட்டி அம்மா ஒருவர் வந்தார்.

“தம்பி, உங்கடை மெசின் என்ரை பெட்டையை விசாகமெண்டு சொல்லிப்போட்டுது. மட்டுவில் மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு தம்பி. விசாகம் தம்பிக்காரனுக்குக் கூடாதெண்டு எழும்பிப் போட்டினம். இஞ்சை பாருங்கோ, வவுனியாவிலை என்ரை தமையன் வைச்சிருந்த பழைய பிரதி. இதிலை அனுசம்.”

“இதைக் காட்டினனீங்களே?”

“காட்டினனான். கொம்பியூட்டர் பிழை விடுமோ எண்டு சிரிக்கினம். நீங்கள் வந்து சொன்னாத்தான் நம்புவினம்.”

“பிள்ளை எப்ப பிறந்தது?”

“செவ்வாய் இரவு ரண்டு மணி. அந்த முறையும் அப்பிடித்தானே சொன்னனான்.”

பக்கத்து மேசையில் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்த எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. நீங்கள் அந்த அம்மாவிடம், “மெசின் குடுத்ததைத்தான் திருப்பித் தரும் அம்மா. பிழை என்ரை. நாளைக்கே போய்ச் சொல்லுறன்” என்றீர்கள். என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. நல்ல காலம் என்று நினைத்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோது சொல்லியிருக்கலாம். காலையில் நீங்கள் கிணற்றடியில் முகம் கழுவும்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானும் கூட வந்திருப்பேனா? அல்லது “அப்ப நீயே போய்ச் சொல்லு” என்று என்னை அனுப்பியிருப்பீர்களா? இந்த இடத்துக்கு வந்ததும் என் யோசனை நின்றுவிடும்.

பத்து மணியளவில் பொம்மரின் சத்தம் கேட்டது. பின்னேரம் கோப்பாய் வெளியிலிருந்து முதலில் சைக்கிளைத்தான் கொண்டுவந்தார்கள். பின் ரயரில் காற்று இருந்தது.

அந்தத் திருத்திய சாதகம் உங்கள் பையில் அப்படியே இருந்தது. மட்டுவிலுக்கு யாராவது கொண்டுபோக வேண்டும். சாவுத் துடக்கு வீட்டுக்காரி கலியாண விஷயமாக ஒரு வீட்டுக்குள் கால் வைக்கலாமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். போய் நின்று என் பிழை என்று சொல்லப் பயந்தேன், துடக்கு எனக்கு வசதியாக இருந்தது. முப்பத்தொராம் நாள் சடங்கு முடிந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வேறு இடத்தில் பேசி முடித்திருந்தார்கள்.

இப்போதைய கதையையும் கேளுங்கள். இந்த ஐப்பசியில், ஆமி வருகிறது என்று வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் ஊரைவிட்டு எழும்பியது. மழைக்குள் அம்மாவைப் பிடித்துக்கொண்டு கோப்பாய் வெளியால்தான் நடந்தேன். வெளிக்கிட முதல் உங்கள் மெசினைப் பொலித்தீனால் சுற்றிப் பங்கர்க் குழிக்குள் இறக்கினேன். அதன் அடியில் சதுரக் கொப்பி இருந்தது. கடைசிப் பக்கத்தில், நீங்கள் போவதற்கு முதல்நாள் எழுதிய நிரல். இரவு என்று நேரம் கொடுத்தால் இனி மெசின் தானே நின்று கேட்கும்: ‘பன்னிரண்டுக்கு முன்னமோ, பின்னமோ?’ பக்கத்தில் பென்சிலால், “இதை நான் முதலே செய்திருக்கவேணும். பிள்ளை எத்தனை பேரைத்தான் கேக்கும்?”

அந்தப் பக்கத்தோடு அந்த மயிலிட்டி அம்மாவின் படிவம் குண்டூசியால் குத்தியிருந்தது. என் கையெழுத்து.

எல்லாம் தெரிந்துதான் என் பக்கம் திரும்பாமல் இருந்திருக்கிறீர்கள். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். நீங்கள் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். நாங்கள் இரண்டுபேரும் கேட்கவில்லை.

இப்போது மட்டுவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். அந்த மாப்பிள்ளை வீட்டைக் கடந்துதான் தண்ணீருக்குப் போகவேண்டும். நேற்றுக் கிணற்றடி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பினாள். “அக்கா, நீங்கள் கொம்பியூட்டர் அண்ணையின்ரை தங்கச்சியெல்லே? நான் மலர். மயிலிட்டி.”

அந்த அம்மாவின் மகள். வரிசையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாளியைத் தூக்கி ஓரடி முன்னால் வைத்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

“நீங்கள் உதை அப்பவே சொல்லியிருக்கலாம் அக்கா. எனக்காக இல்லை. தான் வந்து கூப்பிட்டபடியாத்தான் அவர் செத்தவர் எண்டு அம்மா ரண்டு வருசமா விளக்கு வைக்கேக்கையெல்லாம் அழுகிறா.”

பிறகு தன் முறை வந்ததும், “நீங்கள் முதலிலை அள்ளுங்கோ, உங்கடை வாளி சின்னன்” என்றாள்.

அண்ணை, நாளைக்கு விடிந்ததும் அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லுவேன். அதேபோல நான் திகதி மாற்றாமல் விட்ட இன்னும் ஆறு படிவங்களைப் பால்மா ரின்னுக்குள் போட்டு எடுத்துவந்திருக்கிறேன். சனம் எங்கே சிதறியிருந்தாலும் அந்த ஆறு வீடுகளையும் தேடிப் போவேன். ஒவ்வொரு வாசலிலும், பிழை என்னுடையது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் இருப்பேன்.

மட்டுவில் பெடியனுக்கு அந்த ஆவணியிலேயே கலியாணம் நடந்தது. மலருக்கு இன்னும் நடக்கவில்லை.

நீங்கள் ‘பிள்ளை’ என்று கூப்பிட்ட,
உங்கள் ஒரே தங்கச்சி