பாட்டுக்கு நடுவே ஒரு பெயர்

11-3-2007, ஞாயிறு

மாசி மகத்துக்குக் கட்டிய ரேடியோ குழாய்களை இன்றுதான் கழற்றிக்கொண்டு வந்தேன். ஒன்றுக்குள் குருவி கூடு கட்டத் தொடங்கியிருந்தது. திருவிழா முழுக்க அந்தக் குழாய் பாடியும் குருவி பயப்படவில்லை. என் சத்தத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

சாயந்தரம் டீ குடிக்கும்போது கல்யாணப் பேச்சு வந்தது. துர்காவுக்கு ஆவணியில் முகூர்த்தம். மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணனுக்குப் பாண்டியில் வேலை. ரிசப்ஷனுக்குப் பாட்டு யார் என்று நான் கேட்கவே இல்லை. 'கொளஞ்சி ரேடியோ செட்' வைத்திருக்கிறவன் மகள் கல்யாணத்தில் அதைக் கேட்க என்ன இருக்கிறது? துர்காதான் ஆரம்பித்தாள்.

"தப்பா நெனைச்சிக்காதீங்கப்பா. ரிசப்ஷனுக்கு நம்ம செட்டு வேணாம். அவரு பாண்டியில இருந்து டிஜே சொல்லலாம்ங்கறாரு."

ஏன் என்றேன். நம் செட்டில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வருவதற்குள் என் இருமல் ஊருக்கே கேட்கிறதாம். அவள் தோழி கல்யாண வீடியோவில், தாலி கட்டி முடித்த கையோடு, "பாயசம் தீந்துடுச்சா?" என்று நான் கேட்பது தெளிவாக விழுந்திருக்கிறதாம்.

சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்புறம் எழுந்து கக்கூஸுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் தனியாக இருக்க வேறு இடம் கிடையாது.

12-3-2007

அவள் சொன்னது சரிதான். அதுதான் வலிக்கிறது.

18-3-2007

மங்கலம்பேட்டை ஜபருல்லா பாயைப் பார்த்துவிட்டு வந்தேன். ஷார்ஜாவில் ஒரு பெரிய ஹோட்டலில், விருந்து நடக்கும் ஹாலுக்குப் பாட்டுப் போட்டவர். திரும்பி வந்து மொபைல் கடை வைத்திருக்கிறார். பின்கட்டில் இரண்டு சிடி பிளேயர், நடுவில் பாட்டைக் கலக்குகிற மிக்சர், பக்கத்தில் கம்ப்யூட்டர், எல்லாம் துணி போட்டு மூடிக் கிடந்தன.

டிஜே வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். பையனுக்கா என்று கேட்டார். எனக்கு என்றேன். தலைமுடியைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். பிறகு பெருந்தன்மையாக டீ சொன்னார்.

துர்காவிடம் ஒப்பந்தம் பேசிவிட்டேன். வைகாசியில் என் கொழுந்தியாள் கனகா வீட்டில், அவள் பெண் வெண்பாவுக்குக் காதுகுத்து. அங்கே நான் டிஜே போடுவேன், துர்கா வந்து கேட்பாள். அவளுக்குப் பிடித்தால் ரிசப்ஷன் எனக்கு. பிடிக்காவிட்டால் அந்தப் பாண்டி டிஜேக்காரருக்கு.

1-4-2007

வித்தை இதுதான். வெளியே ஒரு பாட்டு ஓடுகிறது, அதை ஒரு காதால் கேட்க வேண்டும். அடுத்து வரப்போகிற பாட்டை ஹெட்போனில் இன்னொரு காதால் கேட்க வேண்டும். இதன் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ அதன் வேகத்தோடு சேர்த்துவிட்டு, எங்கே அது முடிந்தது, எங்கே இது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாமல் மாற்ற வேண்டும். கேட்பதற்கு எளிது. கையில் எடுத்தால் இரண்டு காதும் எனக்கு எதிராகச் சேர்ந்துகொள்கின்றன.

"தாளம் சேந்தா மட்டும் போதாதுண்ணே. எட்டு எட்டா எண்ணுங்க. எட்டு முடியற எடத்துலதான் அடுத்தத உள்ள வுடணும்" என்கிறார் பாய்.

எண்ணுகிறேன். பஸ்ஸில் எண்ணினேன். குளிக்கும்போது எண்ணினேன். பழமலைநாதர் கோயிலைச் சுற்றும்போது எண்ணியதில், எத்தனை சுற்று வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

14-4-2007

வருடப் பிறப்பு. வடை. இரண்டு பாட்டும் ஒருமுறைகூடச் சேரவில்லை.

22-4-2007

பாய் தன் பிளேயர்களை வீட்டுக்கே கொடுத்து அனுப்பியிருக்கிறார். கட்டில்மேல் பரப்பி வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன். அம்சவல்லி அரிசி களைந்துகொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"ஏங்க, ஒன்னு முன்னால ஓடுது, ஒன்னு பின்னால இழுத்துக்கினு வருது. நாம ரெண்டு பேரும் கோயிலுக்குப் போற மாதிரி இருக்குது."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அவளுக்கு இது புதிதில்லை. பீங்கான் கம்பெனியில் சூளையிலிருந்து வருகிற கப்புகளைத் தட்டிப் பார்த்துப் பிரிக்கிற வேலை அவளுக்கு. நல்லது ணங்கென்னும், விரிசல் விட்டது டொக்கென்னும். கழித்த கப்புகள்தான் எங்கள் வீட்டுக்கு வரும். நேராக நிற்கிற கப் ஒன்றுகூட எங்களிடம் கிடையாது.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். "இப்ப பின்னாடி", "இன்னும் கொஞ்சம்", "தாண்டிட்டீங்க", "ம்". அந்த 'ம்' வந்தபோது இரண்டு பாட்டும் ஒரே பாட்டாக நடந்தன. கொஞ்ச நேரம்தான். நான் கத்தியதில் கைபட்டு எல்லாம் நின்றுவிட்டது.

13-5-2007

இன்று தம் தம் என்கிற அடிச்சத்தம் பாடம். இரண்டு பாட்டின் அடிச்சத்தமும் ஒரே நேரத்தில் ஒலித்தால் ஸ்பீக்கருக்குள் அடிதடி. இதைத் திருகிக் குறைத்துக்கொண்டே அதைக் கூட்ட வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு மாமியார் இருந்தால் ஒருவரை ஊருக்கு அனுப்பிவிட்டு மற்றவரை அழைப்பது போல. அம்சவல்லியிடம் சொன்னேன். ரசிக்கவில்லை.

ஆனால் இப்போது நின்றுபோகாமல் போட வருகிறது. பாட்டுக்கு நடுவே ஓட்டையே இல்லை. இனி இரும வேண்டுமானால் நான் தெருவுக்குத்தான் போக வேண்டும்.

27-5-2007, ஞாயிறு

காதுகுத்து. எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. கனகா வீட்டுப் பந்தலில் சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஆடின. துர்கா ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலால் தாளம் போட்டாள். நான் அதைப் பார்த்துவிட்டேன். அதோடு எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்போனை அழுத்திக்கொண்டு, ஒன்றிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து ஒன்று...

கண்ணைத் திறந்தபோது பந்தல் வாசலில் பச்சமுத்து மச்சான். அம்சவல்லிக்கும் கனகாவுக்கும் அண்ணன், வெண்பாவுக்குத் தாய்மாமன். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வேன் வைத்து, தட்டு வரிசையோடு, ஆட்டுக்கிடாவோடு, மாலையோடு வந்து நிற்கிறார். கையை ஆட்டினார். நான் அவரும் ஆடுகிறார் என்று நினைத்தேன். நானும் கையை ஆட்டினேன்.

கடவுளே.

மாமன் சீர் வந்தால் பாட்டை நிறுத்தி மைக்கில் பேர் சொல்ல வேண்டும். இத்தனை வருடமாக நான் சொல்லாத மாமன் பேர் இந்தத் தாலுகாவில் உண்டா? பாட்டு முடியும், பேர் சொல்வேன், அடுத்த பாட்டு போடுவேன். இன்றைக்குப் பாட்டு முடியவே இல்லையே! முடியாமல் போடத்தானே இத்தனை நாள் பாடுபட்டேன். நான் நிறுத்துவேன், நிறுத்துவேன் என்று நின்றிருக்கிறார். பிறகு தட்டை எல்லாம் அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். கனகா அழுதுகொண்டே போய் அழைத்து வந்தாள். வெண்பாவை மடியில் வைத்துக் காது குத்துகிறவரைக்கும் இருந்தார். சாப்பிடவில்லை. கிடாவுக்கு மட்டும் யாரோ தழை போட்டார்கள்.

துர்கா பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

28-5-2007

இரண்டு காதிலும் பாட்டை வைத்துக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டால் மாமன் எந்த வழியாக வருவார்?

3-6-2007

கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனேன். மச்சான் மோட்டார் கொட்டகையில் இருந்தார். மன்னிப்புக் கேட்டேன். என் காலைப் பார்த்து, செருப்பு வாய்க்காலில் நனைகிறது பார் என்றார். அவ்வளவு மரியாதை. அப்புறம் சொன்னார்.

"ஆட்டக் குட்டியா புடிச்சி வளத்தேன் மாப்ள. ஆட்டுக்கோசரம் சொல்லல. எம் பேர எவன் மைக்குல சொல்லப் போறான் சொல்லு? எலக்சன்ல நிக்கறனா, செத்தா கூட ஒரு தடவதான் சொல்லுவானுவ. தங்கச்சி வூட்டு விசேசத்துல ஒரு தடவ வரும். அதையும் நீ முழுங்கிட்ட."

துர்கா கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவாராம், சீரோடு. ஆனால் என் செட்டு ஓடுகிற மண்டபத்துக்குள் கால் வைக்க மாட்டாராம். கேட்டுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நிற்பாராம்.

வீட்டில் சொன்னேன். துர்கா சொன்னாள்: "நீங்க போட்டது நல்லாத்தாம்ப்பா இருந்துச்சு. ஆனா மாமா உள்ள வரணும். எனக்கு அதான் முக்கியம்."

அப்படியானால் பாண்டிக்காரர்தான். சரி. நியாயந்தான்.

17-6-2007

பிளேயர்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பாய் வாங்கிக்கொள்ளவில்லை. நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு வெளிநாட்டு ஆட்டப் பாட்டைப் போட்டார். அது படமாகத் திரையில் ஓடியது. தடியான பட்டை. நடுவில் ஓரிடத்தில் சுருங்கி நூலாகிப் போனது. அங்கே அடி எல்லாம் நின்றுவிடுகிறது, லேசாக ஒரு சுருதி மட்டும் மிதக்கிறது. எட்டு எட்டாக நாலு போன பிறகு மறுபடி அடி வந்து விழுகிறது. விழும்போது நானே நாற்காலியில் ஒரு குதி குதித்தேன்.

இது எதற்கு என்றேன். ஆடுகிறவர்கள் மூச்சு வாங்க என்றார்.

மூச்சு வாங்கவா? பாய், அது மாமன் பேர் சொல்கிற இடம்!

இன்னொன்றும் காட்டினார். மிக்சரில் ஒரு பொத்தான். அதை அழுத்திவிட்டால், மைக்கில் யாராவது பேசும்போதெல்லாம் பாட்டு தானே தாழ்ந்து வழி விடுகிறது, பேச்சு முடிந்ததும் ஏறிக்கொள்கிறது. ஷார்ஜாவில் அதற்கு என்ன உபயோகம் என்று கேட்டேன். "இந்த நம்பர் காரு வழிய மறைச்சிக்கினு நிக்குது, எடுங்கன்னு சொல்லுவோம்ணே" என்றார்.

8-7-2007

ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் கடைப் பின்கட்டுதான் வாசம். சொந்தமாக ஒரு பாட்டு செய்கிறோம். அம்சவல்லி கழிவுக் கப்புகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். ஒவ்வொன்றாகத் தட்டத் தட்ட, பாய் கம்ப்யூட்டரில் பிடித்தார். விரிசல் கப்பின் டொக்கு எங்களுக்கு அடி. கோணலானாலும் விரிசல் விடாத கப்பின் ணங்கு மேலே மணி.

கம்பெனி வேண்டாமென்று கழித்ததை இவர் பாட்டில் சேர்க்கிறாரே என்று அம்சவல்லிக்குச் சிரிப்பு. ஆனால் மணிக்கு எந்தக் கப் என்பதை எங்களைத் தேர்ந்தெடுக்க விடவில்லை. பாய் எடுத்ததை வாங்கி வைத்துவிட்டு, வேறொன்றைத் தட்டி, "இதுங்க தம்பி" என்றாள். அதுதான் நின்றது.

15-7-2007

துர்காவை அழைத்துப்போய்ப் போட்டுக் காட்டினேன். அடி ஓடி, அடங்கி, கப்பு மட்டும் ணங் ணங் என்று மிதக்கிற இடம் வந்ததும் மைக்கை எடுத்து மாமன் பேரைச் சொன்னேன். பாய் அதில் எதிரொலி வைத்தார். பேர் அடங்குகிற இடத்தில் அடி வந்து விழுந்தது. துர்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

திரும்பும்போது சொன்னாள். மாமா பேரை மைக்கில் சொல்வீர்களா என்று பாண்டிக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டாளாம். எழுதிக் கொடுங்கள், முடிந்தால் சொல்கிறேன் என்றாராம்.

"முடிஞ்சாவாம்ப்பா. வேணாம்னு சொல்லிட்டேன்."

அப்புறம் என் தலையில் ஒரு கல்லைப் போட்டாள். பொண்ணைப் பெத்தவர் கேட்டில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்று கும்பிட வேண்டாமா? மிக்சர் பக்கத்தில் எப்படி நிற்பீர்கள்?

நான் இதை யோசிக்கவே இல்லை. பத்தாவதில் கணக்குப் பரீட்சைக்கு இங்கிலீஷ் படித்துக்கொண்டு போனவன்தானே நான்.

19-8-2007

கார்ட்லெஸ் மைக் வாங்கிவிட்டேன். மிக்சர் பாய் கையில், மைக் என் சட்டைப் பையில். மச்சானிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லி, அவர் வராமலே இருந்துவிட்டால்?

25-8-2007, சனி

ரிசப்ஷன். விடிந்தால் முகூர்த்தம், தூங்கச் சொல்கிறாள் அம்சவல்லி. இதை எழுதிவிட்டுத் தூங்குகிறேன்.

சந்தனமும் கல்கண்டும் கொடுத்துக்கொண்டு கேட்டிலேயே நின்றேன். வாய் வாங்க வாங்க என்றது, உள்ளே எட்டு எட்டாக எண்ணிக்கொண்டிருந்தேன். வேன் வந்தது. மச்சான் இறங்கினார். உள்ளே பாட்டு ஓடுவதைக் கேட்டார். தட்டுகளைக் கேட்டுக்கு வெளியே வரிசையாக வைக்கச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

பாய்க்குக் கையைக் காட்டினேன். கப்புப் பாட்டு ஏறியது. அடி ஓடியது. அடங்கியது. ணங்... ணங்... மைக்கை எடுத்தேன்.  இருமல் வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

"மணமகள் துர்காவின் தாய்மாமன், கருவேப்பிலங்குறிச்சி பச்சமுத்து அவர்கள், சீர்வரிசையோடு வந்திருக்கிறார்கள்."

பச்சமுத்து... முத்து... முத்து... என்று மண்டபம் முழுக்கப் போனது. ஆடிக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் திரும்பி வாசலைப் பார்த்தது. துர்கா மேடையில் எழுந்து நின்றாள். அடி வந்து விழுந்தது, எல்லோரும் கை தட்டினார்கள்.

மச்சான் அசையவில்லை. போச்சு என்று நினைத்தேன். மெதுவாக என் காதருகே குனிந்தார்.

"இன்னொரு தடவ சொல்லு மாப்ள. அந்தாண்ட மூலையில இருக்கறவனுவ கவனிக்கல."

பாய்க்கு மறுபடியும் கையைக் காட்டினேன். இந்தத் தடவை பேரைச் சொல்லிக்கொண்டே நானும் ஒரு தட்டைத் தூக்கினேன். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல உள்ளே நடந்தோம். கால்கூடத் தாளத்தில்தான் விழுந்தது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அம்சவல்லி கவனித்திருப்பாள்.

26-8-2007

நல்லபடியாக முடிந்தது. வீடு பெரிதாகிவிட்டது.

14-10-2007

பழனிக்குப் போய் வாங்கி வந்த பஞ்சாமிர்தம் கொடுக்கக் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனேன். மச்சானோடு வரப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து என் குரல் கேட்டது. கப்பு ணங் ணங் என்றது. தாய்மாமன்... பச்சமுத்து... முத்து... முத்து...

புது மொபைல். மங்கலம்பேட்டை வரைக்கும் போய், அன்றைக்குப் பாய் பதிந்து வைத்ததை அவர் கடையில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. நடவு நட்டுக்கொண்டிருந்த பொம்பளைகள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அடி வந்து விழுந்து, முழுசாக ஓடி நின்றது.

அவசரமாக இருக்கப் போகிறது, யாரென்று பாருங்கள் மச்சான் என்றேன்.

"எம் பெரிய மவன்தான். தெனம் இந்நேரத்துக்கு ஒரு தடவ அடிக்கச் சொல்லியிருக்கறேன்" என்றார்.