பதினொரு நிமிட நாடா

பிப்ரவரி 9, 2014
தண்ணீருக்கு மெஸ்கலேரோ இனத்து உறவினர்கள் ‘தூ’ என்கிறார்கள். எங்கள் லிப்பான் மொழிப் பட்டியலில் ‘கோ’. இப்படி மற்ற அப்பாச்சிப் பழங்குடிப் பேச்சுகளோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, ஆறு வருடத்தில் முந்நூறு சொல் தேற்றியிருக்கிறேன். சேர்த்துப் பேச ஒரு வாக்கியம் இல்லை. பேசினாலும் யாரிடம்?

பிப்ரவரி 21
பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்திலிருந்து கடிதம். 1961இல் யாரோ மொழி ஆய்வாளர் அப்பாவைப் பேசச் சொல்லிப் பதிவு செய்த ஒலிநாடா கிடைத்திருக்கிறதாம். பதினொரு நிமிடம். அப்பா போனபோது எனக்கு இரண்டு வயது. அவர் குரலே எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 23
லியாண்ட்ரோ அண்ணனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.
“போனவங்க பேரையே நாம சொல்றதில்ல. நீ குரலையே கூப்பிடப் போறியா?”
“நம்ம பேச்சு அதுலதாண்ணே இருக்கு.”
“பேச்சாம் பேச்சு! வெளிய பேசினா வேலை போயிடும், மெக்சிகோக்காரன்னே சொல்லிக்கோன்னு அவருதான சொன்னாரு? அந்த நாடாவைக் கேட்டீன்னா என் வீட்டுப் படி ஏறாத.”

மார்ச் 6
நகல் வந்துவிட்டது. உறையைப் பிரிக்கவில்லை.

மார்ச் 16
தேவாலயத்தில் அண்ணன் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனார். அவரை விட்டால் எனக்கு யார்?

மார்ச் 30
கேட்டுவிட்டேன்.
கீச்சுக் குரல்! கனத்த குரலாக இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன். மான் உரிப்பதைப் பற்றி ஏதோ சொல்கிறார். இருமுகிறார். ஓரிடத்தில் சிரிக்கிறார் — எதற்கு? முந்நூறு சொல்லில் ஒன்பதுதான் பிடிபட்டது. அப்பா சிரிக்கிறார், எனக்குப் புரியவில்லை. என்ன பொண்ணு நான்...

ஏப்ரல் 14
அண்ணன் முற்றத்தில் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் படியேறவில்லை. “அவர் குரல் வேணாம். என் வாயால சொல்றேன், கேளு” என்று, அந்தச் சிரிப்புக்கு முந்தின வாக்கியத்தை ஒப்பித்தேன்.
ஒரு திருகாணியைக் கழற்றி வைத்தார். பிறகு, “தப்பு. அதை மூக்கால சொல்லணும்” என்றார். அவரே சொன்னார், முழுசாக.
“அண்ணே... உனக்குத் தெரியுமா?”
“பேசாம திரும்பச் சொல்லு.”
சொன்னேன். என்ன அர்த்தம் என்று கேட்டேன்.
“‘குடலைப் பாத்ததும் பையன் ஓடிட்டான்.’” ஸ்பானரைத் துடைத்தார். “அந்தப் பையன் நான்தான். ஒன்பது வயசு.”
ஐம்பது வருடம் இந்தப் பேச்சை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். என்னிடம்கூட!

ஏப்ரல் 20
ஈஸ்டர். அண்ணன் சாப்பிட வந்தார். என் நோட்டில் நாற்பத்தொரு சொல்லைத் தப்பென்று அடித்துவிட்டார். சாப்பிடும்போது வழக்கம்போல் ஸ்பானிஷில் உப்பு கேட்டேன். காது கேட்காதவர்போல் மென்றுகொண்டிருந்தார். நம் பேச்சில் கேட்டேன் — தப்பு என்று தலையை ஆட்டினார். மூன்றாவது தடவை சரியாகக் கேட்ட பிறகுதான் உப்பை நகர்த்தினார்.