பரிஸில் இருக்கும் பஸ்ரியன்

02.10.1994, ஞாயிறு
பூசைக்குப் போய்வந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மணியிருக்கும், ரெலிபோன் அடித்தது. ஒப்பறேற்றர். பரிஸிலிருந்து கலக்ற் கோல், காசு எங்கள் கணக்கில், பேர் பஸ்ரியன், ஏற்கிறீர்களா என்று இங்கிலிசில் கேட்டாள். கையெல்லாம் செதில். "யெஸ், யெஸ்" என்று கத்தினேன்.

பிறகு ஒன்றுமில்லை. மூச்சுச் சத்தம். அதற்குப் பின்னால் எங்கேயோ தண்ணீர் விழுகிற இரைச்சல்.

"இஞ்சேருங்கோ, நான் மக்டலீன். கதையுங்கோவன்."

வைத்துவிட்டார்.

மொஸ்கோவிலிருந்து கடைசிக் கடிதம் வந்து மூன்றரை வருஷத்துக்கு மேல். "இனிப் பரிசிலையிருந்து எழுதிறன்" என்றிருந்தார். பிறகு ஒரு வரியும் இல்லை. உயிரோடை இருக்கிறார். மாதாவே, என்ரை மனுசன் உயிரோடை இருக்கிறார்.

03.10.1994
தம்பி கிளிபோட் பிரான்ஸுக்கு எடுத்து சச்சிதானந்தனோடு கதைத்தான். அவர்தான் இவ்வளவு காலமும் எங்களுக்காக அங்கே தேடுகிறவர். "கோயில், ஆஸ்பத்திரி, தமிழ்க்கடை, நான் கேக்காத இடமில்லை. அப்பிடி ஒருத்தர் பரிசுக்கு வரவேயில்லை" என்றாராம்.

அப்ப ஆர் எடுத்தது?

09.10.1994, ஞாயிறு
இன்றும் அதே நேரம். இந்தமுறை நானே கதைத்தேன். செலீனுக்கு ஒன்பது வயசு, முன்பல்லு விழுந்து முளைச்சிட்டுது, ரெண்டு வருஷமாய்க் கனடாவில், மல்வேர்னில் தம்பி வீட்டில்தான் இருக்கிறோம் என்று.

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. எழுதவே பயமாயிருக்கிறது — அவர் அழுது நான் கேட்டிருக்கிறேன். இது அவருடைய அழுகை இல்லை.

தம்பிக்குச் சொல்லவில்லை.

12.10.1994
செலீன் அப்பாவின் கடைசிக் கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் 'பரிசு' படித்திருக்கிறாள். "அம்மா, அப்பா பிறைஸ் எடுக்கவா போனவர்?" சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய் நின்றுகொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் தன் முகத்துக்கு அச்சு எடுத்ததென்று ஒரு வெள்ளை முகமும் கொண்டுவந்தாள். கண் மூடியிருக்கிறது. "இதுவும் பரிஸ் அம்மா, பிளாஸ்டர் ஒஃப் பரிஸ்." ஹீற்றருக்கு மேலே காயவைத்தாள். அவள் போனபிறகு அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

16.10.1994, ஞாயிறு
இன்றும் வந்தது. தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

21.10.1994, வெள்ளி
ரெலிபோன் பில் வந்தது. தம்பி விறைத்துப்போய் நின்றான். "அக்கா, உது பிரான்ஸ் இல்லை. பரிஸ், ஒன்ராறியோ எண்டு போட்டிருக்கு."

வரைபடத்தை விரித்தோம். ஹமில்ரனைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அதன் பேரும் பரிஸ். காரில் இரண்டு மணித்தியாலமும் இல்லை.

இவ்வளவு கிட்ட இருந்துகொண்டா பேசாமல் இருந்தவர்? சந்தோசம் வரவில்லை. 

23.10.1994, ஞாயிறு
எழுதவேணும். எழுதினால்தான் நம்புவேன்.

செலீனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மூன்று மணிக்கு முன்னம் அந்த ஊருக்குப் போனோம். ஆற்றுக்குக் குறுக்கே அணை, தண்ணீர் இரைந்து விழுகிறது. பாலத்தடியில் ரெலிபோன் பூத். உள்ளே எங்கள் நாட்டு ஆள் ஒருவர், முதுகைக் காட்டிக்கொண்டு, றிசீவரைக் காதில் வைத்தபடி. ஒருத்தருமில்லாத எங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"பஸ்ரியன் அத்தான்!" தம்பி கூப்பிட்டான்.

அந்தாள் திரும்பினார். பேருக்குத் திரும்பினார். முகம் வேறை.

என்னைக் கண்டதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பேர் குலசிங்கம். என்ரை மனுசனோடு மொஸ்கோவிலிருந்து ஒன்றாக வந்தவராம்.

"அக்கா, அண்ணை பரிசுக்கு வரேல்லை. போலந்துக் காட்டுக்கை, பனியுக்கை, காய்ச்சல். மூண்டாம் நாள் விடிய எழும்பேல்லை. கூட்டிவந்த ஏஜென்ற் நிக்கவிடேல்லை. மரக்கொப்பாலை மூடிப்போட்டு வந்தம்."

குலசிங்கத்தின் கடதாசிகள் வழியில் தொலைந்துவிட்டனவாம். செத்தவரின் அடையாள அட்டையை எடுத்திருக்கிறார். அந்தப் பேரிலேயே கனடாவுக்குள் வந்திருக்கிறார். கோழிப்பண்ணையில் வேலை.

"பஸ்ஸிலை பரிஸ் எண்டு பேரைக் கண்டன். அண்ணை போகவெண்டு நிண்ட பேர். இறங்கிட்டன். உந்த ஊரிலை தோண்டின வெள்ளைக்கல்லிலை பரிஸ் பிளாஸ்டர் செய்தவையாம், அதாலை வந்த பேர். வேறை ஒண்டுமில்லை அக்கா, பேர் மட்டுந்தான்."

"அப்ப ஏன் ரெலிபோன் எடுத்தனீர்?"

"அண்ணையின்ரை பொக்கற்றிலை கிளிபோட்டின்ரை நம்பர் இருந்தது. மூண்டு வருசமாத் துணிவு வரேல்லை. ஆம்பிளை எடுத்தால் சொல்லிப்போடலாம் எண்டு எடுத்தன். நீங்கள் அண்ணையெண்டு நினைச்சு 'இஞ்சேருங்கோ' எண்டியள். வாய் வரேல்லை."

நான் அவருக்கு அடித்தேன். எத்தனை தரம் என்று தெரியாது. அவர் தடுக்கவில்லை.

24.10.1994
வேலைக்குப் போகவில்லை.

27.10.1994
கள்ளன். என்ரை மனுசன் காட்டுக்கை பேரில்லாமல் கிடக்க, இவன் அந்தப் பேரோடை கோழிக்குத் தீன் போடுறான்.

இமிக்றேசனுக்கு அறிவிக்கப்போவதாகத் தம்பி நிற்கிறான். "ஒரு கோல் காணும் அக்கா." சரி என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். பிடித்து அனுப்பினால் எந்தப் பேரில் அனுப்புவார்கள்? கொழும்பில் இறக்கி, பஸ்ரியன் என்று கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவரை நான் இன்னொருக்கால் சாகக் குடுக்கிறதோ?

வேண்டாம் என்றேன். தம்பி இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

29.10.1994, சனி
பண்ணைக்கு நானே ரெலிபோன் எடுத்தேன். "நீரே ஒரு லோயரிட்டைப் போய் உம்மடை பேரைச் சொல்லும். அவரின்ரை பேர் எனக்கு வேணும். பூசை குடுக்கவேணும்."

 "ஓம் அக்கா" என்றார்.

செலீனுக்கு இன்று சொன்னேன். அழவில்லை. "அப்பாக்குக் குளிர்ந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

06.11.1994, ஞாயிறு
மரித்த விசுவாசிகளுக்கான பூசை. குலசிங்கம் பஸ் பிடித்து வந்திருந்தார். வியாழக்கிழமை லோயரிடம் போனாராம், என்ன நடக்குமென்று சொல்லமுடியாதாம். எங்களுக்குப் பின்னால் வாங்கில் குந்தியிருந்தார். சுவாமி இறந்தவர்களின் பேர்களை வாசித்துக்கொண்டு போனார். "பஸ்ரியன்" என்றபோது பின்னால் வாங்கு கிரீச்சிட்டது. தன்னைக் கூப்பிட்டதென்று எழும்பப் பார்த்திருக்கிறார். செலீன் திரும்பிப் பார்த்தாள்.

முடிந்து வெளியே வர, கோயிலில் பழக்கமான எமில்டா அன்ரி என் கையைப் பிடித்து அழுதா. பிறகு அவரைக் கண்டு, "தம்பி ஆர்? என்ன பேர்?" என்று கேட்டா.

அவர் என்னைப் பார்த்தார். 

கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்.

"குலசிங்கம்."