பாதாமின் பங்காளி

1954 ஜூன் 1, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். எஸ்டேட் பங்களா ரோஜாக்களுக்குக் கவாத்து. கரும்புள்ளி விழுந்த இலையெல்லாம் வெட்டி எரிக்க உத்தரவு. ஈர இலை எங்கே எரியும். புகைதான். கண் எரிச்சல்.

துரைசாணி வராந்தாவில் செடிப் படப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டார். "முத்து, இங்கே பார். எல்லாம் ஒரே குடும்பம்." ரோஜா, பேரி, பீச், பிளம், ஸ்டிராபெரி, ஆப்பிள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரோஜாவுக்குப் பேரிக்காய் என்ன முறை வேண்டும், மாமனா மச்சானா? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பூவைப் பார். இதழ் எண்ணு" என்றார்.

எண்ணினேன்.
வேலியில் கிடக்கும் காட்டு ரோஜா, ஐந்து.
ஸ்டிராபெரி, ஐந்து.
ஓடைக்கரை முள்ளுப்பழச் செடி, கூலி லயத்துப் பிள்ளைகள் பறித்துத் தின்பது. அதுவும் ஐந்து.
பீச், பேரி இப்போது பூவில் இல்லை. படத்தில் காட்டினார். ஐந்தைந்து.

பங்களா ரோஜாவுக்கு மட்டும் எண்ணி மாளவில்லை. அது மனிதன் கைவேலையாம். பதினோரு வருஷமாகத் தண்ணீர் ஊற்றுகிறேன், ஒரு நாள் எண்ணிப் பார்த்ததில்லை. நல்ல தோட்டக்காரன்.

பாதாமும் இந்தக் குடும்பம்தானாம். அதிலும் பீச்சுக்கு ரொம்பக் கிட்டத்துச் சொந்தமாம். பங்காளி என்று நானே முறை வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரி வேலம்மாளுக்கு இது ஏழாவது மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. போன வாரம் டிஸ்பென்சரி கம்பவுண்டர் அவள் கண்ணையும் நகத்தையும் பார்த்துவிட்டு, ரத்தம் போதாது, பாலில் பாதாம் அரைத்துக் கொடு என்றார். வண்டிப்பெரியார் கடையில் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன். அவளிடம் கடை அடைத்திருந்தது என்றேன்.

ஜூன் 3, வியாழன்

மழை. பீச் முடிந்துவிட்டது. சமையல்காரர் ஜாம் காய்ச்சிவிட்டுக் கொட்டையையெல்லாம் குப்பைக் குழியில் கொட்டினார். ஒரு கூடை இருக்கும். எடுத்துக்கொண்டேன். குப்பைதானே. ஆனாலும் சாக்குக்குள் மறைத்துத்தான் கொண்டுவந்தேன். போன வருஷம் நாலு பழம் எடுத்தவனுக்கு வேலைச் சீட்டுக் கிழிந்தது.

உடைத்தால் உள்ளே சாட்சாத் பாதாம். அதே வடிவம், அதே தோல். வாசனைகூட அதேதான், கொஞ்சம் தூக்கல். சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை படித்தவர்கள் இதைக் குழியில் கொட்டுகிறார்களே என்று கர்வம் வேறு.

நாலு பருப்பை அம்மியில் அரைத்துப் பாலில் கலந்து கொடுத்தேன்.

"என்னது?"

"பாதாம்."

"ஏது?"

"கிடைச்சுது."

குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள்.

ஜூன் 4, வெள்ளி

அவளுக்குத் தலைவலி. குளிர்தான் காரணம் என்று தைலம் தேய்த்தேன். நாலு பருப்பு எந்த மூலைக்கு. மீதிக் கொட்டையையும் உடைத்தேன். கட்டைவிரலில் ஒரு அடி. கை நிறையப் பருப்பு.

மண்வெட்டிக்குப் புதுப் பிடி கேட்டது இன்னும் வரவில்லை.

ஜூன் 5, சனி

காலையில் அந்தக் கைப்பிடிப் பருப்பு முழுவதையும் அரைத்துக் கொடுத்தேன். சர்க்கரை தாராளமாக.

கால்மணி நேரம்கூட ஆகவில்லை. தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது. வாந்தி. கண் செருகிவிட்டது. பக்கத்து வீட்டு மாடத்தி அக்கா ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டாள். "நான் பாத்துக்கிடுதேன், நீ கம்பவுண்டரக் கூட்டியா, ஓடு."

ஓடினேன். வழியில் இரண்டு தடவை விழுந்தேன்.

கம்பவுண்டர் கோட்டயத்துக்காரர். வந்ததும் கேட்டது, "எந்தா கழிச்சது? என்ன சாப்பிட்டு?"

பழைய சோறும் கருவாடும் என்றேன். வாயில் வந்தது அதுதான். பருப்பு என்றால் எங்கிருந்து என்பார், துரை காதுக்குப் போகும், வேலை போகும், லயத்து வீடும் போகும். இவ்வளவும் அந்த ஒரு நொடியில் ஓடியது. மாடத்தி அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "பாவி, அந்தக் கருவாடு நாங் குடுத்தது." நான் வாயைத் திறக்கவில்லை.

உப்புத் தண்ணீர் கொடுத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார். மதியம் கண் திறந்தாள். என்னைத் தெரிந்தது.

ஜூன் 6, ஞாயிறு

மழை விடவில்லை. கஞ்சி இரண்டு வாய். எழுந்து உட்கார முடியவில்லை. நேற்றிலிருந்து பிள்ளை அசையவில்லை என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஏதோ உப்பு தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி.

மாடத்தி அக்கா கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். உள்ளே வரக் கூசுகிறாள். நான் ஈனப்பயல்.

ஜூன் 7, திங்கள்

துரைசாணியிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். பீச் கொட்டைப் பருப்பு தின்னலாமா அம்மா?

"நோ, நோ. அது விஷம். பாதாமிலும் கசப்பு ஜாதி உண்டு, அதுவும் விஷம். யார் சாப்பிட்டது?"

"யாருமில்லம்மா. சும்மா கேட்டேன்."

ஒரே குடும்பம் என்றவர் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அவரைச் சொல்லி என்ன. சொந்தம் என்றால் குணமும் ஒன்று என்று நினைத்தது நான். என்னையும் என் தம்பியையும் பார்த்தாலே புரிந்திருக்க வேண்டும்.

நேரே டிஸ்பென்சரி. கம்பவுண்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அன்னைக்கே பறஞ்சிருக்கணும். சர்தி, வாந்தி வந்தது பாக்கியம், அதுகொண்டு அவள் பிழைச்சு."

"பிள்ளை?"

"கேட்டு நோக்கணும். நாளைக்கு வரேன்."

துரையிடம் சொல்வீர்களா என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 8, செவ்வாய்

கம்பவுண்டர் மரக்குழலோடு வந்தார். குழலை அவள் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். மேலே தகரத்தில் மழை. லயத்துக்குள் நாங்கள் பேசுவதே கத்தித்தான். குழலை நாலு இடத்தில் மாற்றி வைத்துப் பார்த்தார். வெகுநேரம். நிமிர்ந்து தலையை ஆட்டினார்.

"இல்லையா?"

"இல்லைன்னு பறஞ்சில்ல. மழைதான் கேக்குது. மழை நிக்கட்டே."

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்றேன். ரோட்டில் மண் சரிந்து பஸ் இல்லை. ஜீப் போனாலும் இந்தக் குலுக்கலை அவள் தாங்கமாட்டாளாம். சுமந்து போகிறேன் என்றேன். அவர் குடையை விரித்தார்.

ஜூன் 9, புதன்

மழை. வேலைக்குப் போனேன், வந்தேன். என்ன செய்தேன் என்று நினைவில்லை.

அவளிடம் சொல்லிவிட்டேன். பாதாம் இல்லை, பீச் கொட்டை, குப்பைக் குழியில் எடுத்தது. முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தபடி சொன்னேன்.

"ஒரே கசப்பு" என்றாள். "மொத நாளே கசந்துச்சு."

"பிறகு ஏன் குடிச்ச?"

"நீங்க அம்மியில ஒக்காந்து அரைச்சீயளே. எப்படிக் கீழ ஊத்துதது."

வெளியே போய் மழையில் நின்றேன். மாடத்தி அக்கா வீட்டுக் கதவைத் தட்டி, கருவாட்டின் மேல் குற்றமில்லை, நான்தான் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வையவில்லை. துண்டு எடுத்து நீட்டி, "தலையத் தொவட்டு" என்றாள். அதன்பிறகு எங்கள் வீட்டுக்குள் வந்து வேலம்மாள் காலடியில் உட்கார்ந்தவள்தான், விளக்கு வைக்கும்வரை எழவில்லை.

ஜூன் 10, வியாழன்

மழை. தகரத்தின் மேல் வைக்கோல் போட்டால் சத்தம் குறையுமா என்று ஏறினேன். போட்ட வைக்கோலைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. மேஸ்திரி கீழே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அவள் என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்துக்கொள்கிறாள். "இப்ப லேசா. தெரியுதா?" கையில் அவள் மூச்சு ஏறி இறங்குவதுதான் தெரிகிறது. தெரியுது என்றேன். அப்படியே தூங்கிவிட்டாள். கை மரத்துப்போனது. எடுக்கவில்லை.

ஜூன் 11, வெள்ளி

மதியம் மழை நின்றது. பத்து நாளில் முதல் வெயில். லயமெல்லாம் வாசலுக்கு வந்து கம்பளியைக் காயப் போடுகிறது. உள்ளே அடுப்பில் விறகு வெடிப்பதுகூடக் கேட்கிறது. இந்த அமைதிக்காகத்தான் நாலு நாளாக வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

டிஸ்பென்சரிக்குப் பத்து நிமிஷ நடை. சட்டை போட்டாகிவிட்டது. செருப்பும் போட்டாகிவிட்டது.

"கம்பவுண்டரக் கூப்பிடப் போவலியா?"

இதோ போறேன் என்றேன். மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டாள். நான் இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மேற்கே கொஞ்சம் கறுக்கிறது. இன்னும் ஒரு நாள் பெய்தால் என்ன.