புளி போட்டும் போகாத சிவப்பு

பேரையூர்
12.11.1983

அன்பு மகள் ஜெயக்கொடிக்கு அம்மா எழுதுவது. மீனாட்சி புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் சுகம், கறவை மாடும் சுகம், ஜாம்ஷெட்பூர் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று உடனே எழுது. நீ அனுப்பிய பார்சல் வந்தது. அதில் ஒரு தப்பு நடந்துவிட்டது, வையாதே. உன் கடிதம் அப்பாவின் சட்டைப்பைக்குப் போய்விட்டது, கல் மட்டும் என் கைக்கு வந்தது. கறுப்பும் சிவப்புமாக வரிவரியாய் இருந்ததைப் பார்த்து, இத்தனை துருவோடு ஒரு பிள்ளை அனுப்புமா என்று குத்துவிளக்குத் தேய்ப்பதுபோலப் புளியும் சாம்பலும் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன். என் கைதான் சிவந்தது. பிறகுதான் கடிதத்தைப் படித்தேன், அந்தத் துருதான் சங்கதியே என்று எழுதியிருக்கிறாய். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் காற்றில் பிராணவாயுவே இல்லை, கடலில் இரும்பு கரைந்து கிடந்தது, கண்ணுக்குத் தெரியாத பாசி விட்ட வாயு பட்டு அது துருவாகி அடியில் படிந்தது, அந்த இரும்பெல்லாம் தீர்ந்த பிறகுதான் காற்றுக்கு வாயு மிஞ்சியது என்று. மூன்று தடவை படித்தேன். கிணற்றுப்படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து பாசியை நான் திட்டாத நாளில்லை, இப்போது அதைப் பார்த்தால் கும்பிடத் தோன்றுகிறது. கும்பிட்டுவிட்டுச் சுண்ணாம்பு போட்டுத் தேய்க்கிறேன், விழுந்தால் யார் பார்ப்பது.

அந்தக் கல்லின் வரிகளைப் படித்து முடிக்க இன்னும் ஒரு வருடம் வேண்டும் என்று கேட்டிருந்தாய். உனக்குப் பேசி வைத்திருக்கும் கொட்டாம்பட்டி மாப்பிள்ளையின் தகப்பனார் கருத்தக்கண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தார். தையில் கல்யாணம், படிப்பை அதோடு நிறுத்த வேண்டும் என்றார். பொட்டப்புள்ள கல்லுடைக்கவா அம்புட்டுத் தூரம் போச்சு என்று சிரிக்கவும் செய்தார். வாக்குக் கொடுத்த மனிதராயிற்றே, உன் அப்பா தலையாட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். உன் அப்பாவோ அந்தக் கல்லை எடுத்து வந்தவர் மடியில் வைத்து, பாசிக் கதையை முன்னும் பின்னுமாகச் சொன்னார். நாம இப்ப விடுற மூச்சு எப்ப வந்துச்சுன்னு என் மக பாத்துக்கிட்டு இருக்கா, பாதியில எந்திரிச்சு வான்னு நான் சொல்ல மாட்டேன், பொறுக்க முடிஞ்சா ஒரு வருசம் பொறுங்க, இல்லையின்னா வேற இடம் பாருங்க என்றார். வந்தவர் காப்பியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. இன்றுவரை அவர்களிடமிருந்து தகவல் இல்லை, போனால் போகட்டும்.

நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். துக்கமில்லை தாயி. ஏழாம் வகுப்பில் என்னை நிறுத்தியபோது எனக்காக இப்படிச் சொல்ல ஆளில்லை, உனக்கு உன் அப்பா இருக்கிறார். எங்கிருந்து மூச்சு வந்தது என்று இந்த வயதில் எனக்குத் தெரியவைத்தாய். பெற்ற மகளுக்கு நன்றி சொல்லும் வழக்கம் நம்மிடம் கிடையாது, ஆனாலும் சொல்கிறேன். உன் அப்பாவுக்கும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், நேரில் சொன்னால் தலைகால் புரியாது.

நோய்நொடி அண்டாமல், நினைத்ததை முடித்து, நீ நல்லபடியாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. தைக்கு டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. முடித்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்துத்தாய்